வாங்கின பூ தொங்குதா, கருக்குதா, உதிருதா? எதுக்கு என்ன பண்ணணும்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் பூக்கடையில 17 வருஷமா நிக்கிறேன், கட்டுறதும் விக்கிறதும் தான் பொழப்பு. பூ வாங்கிட்டு போன ரெண்டாம் நாளே படம் எடுத்து அனுப்பி “அக்கா, பழைய பூவ குடுத்துட்டீங்களா”ன்னு கேக்குறவங்க எப்பவும் இருக்காங்க. சில நேரம் பூ பழசா தான் வந்திருக்கும், அத நான் மறைக்க மாட்டேன், மாத்தி குடுத்துடுவேன். ஆனா முக்காவாசி நேரம் பூ மேல தப்பு இருக்காது, ஜாடிக்குள்ள இருக்குற தண்ணி மேல தான் தப்பு. நம்ம ஊர்ல வீட்டுக்குள்ளயே 30 டிகிரி இருக்கும், ராத்திரி கூட பெருசா குளிராது, அந்த சூட்டுல ஜாடித் தண்ணியில கிருமி மடமடன்னு பெருகி தண்டோட வாயை அடைச்சிடும், அப்புறம் பூ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல சாகும். அதனால பூ ஏதாவது மாதிரி ஆச்சுன்னா இதழ பாக்காதீங்க, முதல்ல தண்டை வெளிய எடுத்து அதோட அடிய பாருங்க.

இனி ஒவ்வொண்ணா சொல்றேன், உங்க பூவுக்கு எது பொருந்துதோ அத படிச்சுக்கோங்க.

ரோஜா தலை தொங்கிடுச்சு

எனக்கு வர்ற கேள்வியில அதிகம் இது தான். பூ இன்னும் முழுசா விரியல, கலரும் அப்படியே இருக்கு, ஆனா கழுத்து மட்டும் மடங்கி தலை கவுந்து நிக்கும். பாத்தா செத்துப்போன மாதிரி இருக்கும், உடனே குப்பையில போட்டுடுவாங்க. போடாதீங்க, முக்காவாசி ரோஜாவ திருப்பி எழுப்பிடலாம்.

நடந்தது என்னன்னா, நீங்க கடையில வாங்கி எம்ஆர்டி ரயில்ல ஏறி, அப்புறம் பஸ் மாறி, வீட்டுக்கு போயி குளிச்சிட்டு சாவகாசமா ஜாடியில வைக்கிறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும். அதுக்குள்ள வெட்டுன தண்டு தண்ணிக்கு பதிலா காத்த இழுத்துடும். தண்டுக்குள்ள தண்ணி ஏறுற குழாய்ல காத்து மாட்டிக்கிட்டா அதுக்கு மேல தண்ணி ஏறாது. இது ஒரு காரணம், இன்னொண்ணு நான் மேல சொன்ன கிருமி அடைப்பு.

செய்ய வேண்டியது இது தான். ஒரு வாளியில, இல்ல சிங்க்ல தண்ணி பிடிச்சு, தண்டோட அடிய தண்ணிக்குள்ள முக்கி, தண்ணிக்குள்ளயே வச்சு 2, 3 சென்டிமீட்டர் சரிவா வெட்டுங்க. வெட்டும்போது பாருங்க, பொடிப் பொடியா குமிழ் மேல வரும். கத்தரிக்கோல் மொன்னையா இருந்தா தண்டு நசுங்கும், சமையல் கத்தி கூர்மையா இருந்தா அதுவே போதும். சிலர் தண்டோட அடிய சுத்தியலால தட்டி நசுக்கினா தண்ணி நல்லா ஏறும்னு சொல்வாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, நசுங்குன இடத்துல தான் கிருமி முதல்ல குடியேறும். வெட்டி முடிச்சதும் ரோஜாவ பூ, இலை, தண்டு எல்லாத்தோடயும் ஒரு பெரிய பேசின்ல படுக்க வச்சு முழுசா முங்குற மாதிரி ஒரு மணி நேரம் விடுங்க. பேசின் இல்லையா, நாளிதழ்ல தலை நேரா நிக்கிற மாதிரி கழுத்து வரைக்கும் இறுக்கி சுத்தி, வெதுவெதுப்பான தண்ணி பாதி உயரத்துக்கு இருக்குற வாளியில நிக்க வைங்க. கழுத்து வளைஞ்சபடியே தண்ணி குடிச்சா வளைஞ்சபடியே விறைச்சிடும், அதனால தான் பேப்பர் சுத்துறது. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தலை தூக்கலன்னா அந்த பூ மொட்டாவே ரொம்ப சீக்கிரம் பறிச்சதா இருக்கலாம், கழுத்து முத்தாம வந்திருக்கும், அத விட்டுடுங்க. தண்டை ஒட்ட வெட்டி ஒரு சின்ன கிண்ணத்துல மிதக்க விட்டீங்கன்னா இன்னும் ரெண்டு நாளைக்கு அழகா இருக்கும்.

வாங்கும்போதே ஒண்ணு செஞ்சு பாருங்க, ரோஜாவோட அடிப்பக்கம், பச்சை இதழுக்கு மேல இருக்குற குண்டான இடத்த ரெண்டு விரலால மெதுவா அழுத்துங்க. கல்லு மாதிரி கெட்டியா இருந்தா புதுசு, பொதபொதன்னு இருந்தா அது நாள்பட்டது. வெளி இதழ் ரெண்டு மூணு கோணையா பச்சை அடிச்சு காயம் பட்ட மாதிரி இருந்தா பயப்படாதீங்க, அது பூவுக்கு காவலா இருக்குற இதழ், கென்யாவுல இருந்தும் எக்வடோர்ல இருந்தும் வர்ற ரோஜாவுல அத வேணும்னே விட்டு அனுப்புவாங்க, வீட்டுல போயி பிச்சு எடுத்துடுங்க.

தண்ணி கலங்கி நாத்தம் அடிக்குது

தண்டை தூக்கி அடிய தடவிப் பாருங்க, வழவழன்னு கொழகொழப்பா இருக்கும். அது தான் கிருமி. தண்ணிய மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஜாடியோட உள் சுவர்லயும் அதே வழவழப்பு ஒட்டியிருக்கும், பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு பிரஷ்ஷால தேச்சு கழுவுங்க, அப்புறம் கொஞ்சம் பிளீச் கலந்த தண்ணிய ஊத்தி ஊற வச்சு அலசிடுங்க. தண்டையெல்லாம் ஓடுற தண்ணியில விரலால உருவி கழுவிட்டு ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்க. தண்ணி மட்டத்துக்கு கீழ ஒரு இலை கூட இருக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம், தண்ணிக்குள்ள அழுகுற இலை தான் கிருமிக்கு சாப்பாடு. மலேசியாவுல கேமரன் மலையில இருந்து வர்ற செவந்தி இருக்கு பாருங்க, பூ ரெண்டு வாரம் நிக்கும், ஆனா இலை அஞ்சாம் நாளே மஞ்சளாகி தொங்கும், அந்த இலைய அப்பப்ப கிள்ளிட்டே இருந்தா போதும், பூ அசையாம நிக்கும்.

கடையில குடுக்குற பூ உணவு பாக்கெட்ட தூக்கி போடாதீங்க. அதுல இருக்குறது மூணு விஷயம், பூவுக்கு சாப்பாடா சர்க்கரை, தண்ணி சுலபமா ஏற கொஞ்சம் புளிப்பு, கிருமிய கொல்ல மருந்து. பாக்கெட் இல்லன்னா வீட்டுலயே கலந்துக்கலாம், 1 லிட்டர் தண்ணி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் எலுமிச்சை சாறு, நாலஞ்சு சொட்டு பிளீச். தண்ணிய முதல்ல ஊத்திட்டு தான் மத்தது எல்லாம், பிளீச்சையும் எலுமிச்சையையும் தனியா நேருக்கு நேர் கலந்துடாதீங்க, மூச்சை அடைக்கிற புகை வரும். வெறும் சர்க்கரை மட்டும் போட்டா பூவுக்கு முன்னாடி கிருமி தான் சாப்பிடும், நிலைமை இன்னும் மோசமாகும்.

கொசு விஷயமும் இங்கயே சொல்லிடுறேன். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு தண்ணி தேங்கியிருந்தா போதும், முட்டை கொசுவா மாற ஒரு வாரம் தான். என்இஏ, அதாவது தேசிய சுற்றுப்புற வாரியம், சொல்ற மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணிய மாத்திடுங்க, அது கொசுவுக்கும் நல்லது இல்ல, பூவுக்கு ரொம்ப நல்லது. முட்டை ஜாடி சுவர்ல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் சாகாது, அதனால தான் தேச்சு கழுவச் சொன்னேன். சாமி ரூம்ல சின்னச் சொம்புல பூ போட்டு வைக்கிறோமே, அத மறந்துடுவோம். அதையும் சேத்துக்கோங்க.

மல்லிகை பழுப்பாயிடுச்சு

இது வரைக்கும் தண்ணி வேணும் தண்ணி வேணும்னு சொன்னேன், மல்லிகைக்கு அப்படியே தலைகீழ். தண்டு இல்லாத பூ, வாயே இல்ல, எப்படி குடிக்கும்? மேல தெளிக்கிற தண்ணி இதழ்ல நின்னா அந்த இடம் வெந்த மாதிரி கண்ணாடியா ஆகி, கொஞ்ச நேரத்துல பழுப்பாயிடும்.

நான் வேலைக்கு சேந்த முதல் வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்கு 30 முழம் மல்லி கட்டி, வாடிடக் கூடாதேன்னு நல்லா தண்ணி தெளிச்சு, பிளாஸ்டிக் பையில போட்டு வாய முடிஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு போயிட்டேன். காலையில 5 மணிக்கு பைய தூக்கினா உள்பக்கம் பூரா தண்ணி முத்து முத்தா நிக்குது, கையை விட்டா சரம் சில்லுன்னு பிசுபிசுன்னு வருது, பையோட ஒட்டியிருந்த பக்கம் பூரா டீத்தூள் கலர். பொண்ணோட அம்மா ஒரு வார்த்தை திட்டல, அந்த சரத்த கையில வாங்கி பாத்துட்டு என் மொகத்த பாத்தாங்க. அந்த பார்வைய இன்னைக்கும் மறக்கல. ஓடிப்போயி வேற கடையில உதிரிப்பூ வாங்கி முகூர்த்தத்துக்குள்ள கட்டி குடுத்தேன். அதுக்கப்புறம் மல்லிய நான் வைக்கிற முறையே வேற.

ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமா இருக்கணும். அடியில ஒரு துணிய நனைச்சு சொட்டு விழாத அளவுக்கு ஒட்டப் பிழிஞ்சு விரிங்க. அதுக்கு மேல காஞ்ச டிஷ்யூ ரெண்டு அடுக்கு. அதுக்கு மேல சரத்த அமுக்காம சுருட்டி வச்சு, மேலயும் காஞ்ச டிஷ்யூ ஒண்ணு போட்டு மூடிடுங்க. ஈரம் காத்துல இருக்கணும், பூ மேல இருக்கக் கூடாது, அவ்வளவு தான் சூட்சுமம். ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல, பின் சுவர ஒட்டாம வைங்க, சுவர ஒட்டினா உறைஞ்சு போயிடும். மீன், வெங்காயம், பழம் பக்கத்துல வேணாம்.

வெளிய எடுக்கும்போது தான் நம்ம ஊர்ல நிறைய பேரு கோட்டை விடுறாங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே மூடிய திறக்காதீங்க. இங்க காத்துல அவ்வளவு ஈரம், சில்லுன்னு இருக்குற பூ மேல அந்த ஈரம் வேர்வையா படிஞ்சிடும், குளிர்ந்த தண்ணி பாட்டில் வேர்க்குமே அதே மாதிரி. டப்பாவ மூடினபடியே ஒரு 15, 20 நிமிஷம் வெளிய வச்சிட்டு அப்புறம் திறங்க. தலை குளிச்ச ஈரத்தோட மல்லி வச்சாலும் இதே கதி தான், முடிய நல்லா காய வச்சிட்டு வைங்க.

மல்லி மொட்டு விடிகாலையில பறிச்சு தமிழ்நாட்டுல இருந்து விமானத்துல வருது, அது சாயந்தரம் மலர்ற பூ, அதனால நம்ம கைக்கு வரும்போது அதுக்கு பாதி ஆயுசு போயிருக்கும். நாளைக்கு காலையில கோயிலுக்கு வேணும்னா இன்னைக்கு வாய் திறக்காத, நல்லா வெளுத்த குண்டு மொட்டா பாத்து வாங்குங்க. பச்சையா பொடியா இருக்குற மொட்டு மலராது, அப்படியே காயும். இன்னைக்கு ராத்திரி விசேஷம்னா லேசா வாய் திறந்தது பரவாயில்ல, வாசம் அப்ப தான் தூக்கும். ரெண்டு நாள் தாங்கணும்னு கேக்குறவங்ககிட்ட நான் மல்லியவே குடுக்குறதில்ல, கனகாம்பரம் கட்டித் தர்றேன், வாசம் இல்ல, ஆனா நிக்கும். நடுவுல மருக்கொழுந்து வச்சா வாசத்துக்கு வாசமும் ஆச்சு.

ஆர்க்கிட் கருத்துடுச்சு, மொட்டு கொட்டுது

கருத்துடுச்சுன்னு சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி, ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா? ரோஜாவுக்கு குளிர் நல்லது, அதனால ஆர்க்கிட்டுக்கும் நல்லதுன்னு நினைச்சுடுறாங்க. ஆர்க்கிட் நம்ம சூட்டுல வளர்ற செடி, 1981-ல சிங்கப்பூரோட தேசிய மலரா அறிவிச்ச வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் இந்த மண்ணுலயே பிறந்தது, தாய்லாந்துல இருந்து கொத்து கொத்தா வர்ற ஊதா டென்ட்ரோபியமும் அதே மாதிரி வெப்பத்து பூ. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில இருக்கும், அந்த குளிர் பட்டா இதழ் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி அப்புறம் கருத்துடும். வெளியவே வைங்க, ஏர்கான் நேரா மொகத்துல அடிக்காத இடமா பாத்து.

மொட்டு கொட்டுதுன்னா அடுத்த கேள்வி, பக்கத்துல வாழைப்பழம் இருக்கா? நம்ம வீட்டு சாமி ரூம்ல பழத்தட்டும் பூவும் எப்பவும் ஒண்ணா தான் இருக்கும். பழுக்குற பழம் எத்திலின்னு ஒரு வாயுவ விடும், கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, ஆனா ஆர்க்கிட்டும் கார்னேஷனும் அத உடனே கண்டுபிடிச்சு சோந்து போயிடும், மொட்டு பழுத்து விழும், கார்னேஷன் இதழ் உள்ள சுருண்டு தூங்குற மாதிரி ஆகும். மாம்பழ சீசன்ல டேபிள்ல மாம்பழ கூடையும் பூ ஜாடியும் சேத்து வச்சா ரெண்டே நாள் தான். பூஜை முடிஞ்சதும் பழத்த எடுத்து சமையலறைக்கு கொண்டு போயிடுங்க. வாடின பூவும் அதே வாயுவ விடும், அதனால கொத்துல ஒண்ணு போச்சுன்னா அன்னைக்கே அத உருவி எடுத்துடணும், பாவம்னு விட்டு வச்சா கூட இருக்குறதையும் கூட்டிக்கிட்டு போகும்.

மத்தது எல்லாம் சுருக்கமா

ஜெர்பெரா தண்டு வளைஞ்சு அழுகுதுன்னா தண்ணி அதிகம். அதோட தண்டு மெத்துன்னு ரோமமா இருக்கும், ஆழமா முங்கினா ஊறிப் போயிடும், 5 சென்டிமீட்டர் தண்ணி போதும், ஆனா அடிக்கடி மாத்துங்க. ஹைட்ராஞ்சியா மதியத்துலயே துவண்டு போச்சுன்னா அதோட தலைய அப்படியே கவுத்து குளிர்ந்த தண்ணியில அரை மணி நேரம் முக்கிடுங்க, அது இதழ் வழியாவே தண்ணி குடிக்கிற பூ, எழுந்து நிக்குறத பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

தாமரை மொட்டு விரியலன்னு கோவிச்சுக்காதீங்க, வெட்டின மொட்டு ஜாடியில பெரும்பாலும் விரியாது. வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல கிருஷ்ணர் கோயில் பக்கத்துல பூக்காரங்க வெளி இதழ ஒவ்வொண்ணா உள்பக்கமா மடிச்சு வைக்கிறத பாத்திருப்பீங்க, அப்படி மடிச்சு தான் வைக்கணும், அதுவும் வாங்குன அன்னைக்கே. அடுத்த நாள் ஓரம் கருக்க ஆரம்பிச்சிடும், அது அந்த பூவோட குணம்.

லில்லி மகரந்தம் புடவையில பட்டுடுச்சுன்னா தேய்க்கவே தேய்க்காதீங்க, தண்ணியும் வேணாம், செலோடேப்ப ஒட்டி ஒட்டி எடுங்க, மிச்சம் இருக்குறத வெயில்ல காய வச்சா மங்கிடும். பூ வாய் திறந்த உடனே உள்ள இருக்குற அந்த ஆரஞ்சு பொடிப் பையை டிஷ்யூவால கிள்ளிட்டா இந்த தொல்லையே இல்ல, பூவும் கூட நாள் நிக்கும். முக்கியமா, வீட்டுல பூனை இருந்தா லில்லி வாங்கவே வாங்காதீங்க. 2024 செப்டம்பர்ல இருந்து எச்டிபி அடுக்குமாடி (அரசாங்க வீடு) வீட்டுல பூனை வளக்க அனுமதி வந்துடுச்சு, அதனால நான் இப்ப லில்லி கேக்குற எல்லார்கிட்டயும் “வீட்டுல பூனை இருக்கா”ன்னு கேட்டுட்டு தான் குடுக்குறேன். இதழ், இலை, பொடி, அந்த ஜாடித் தண்ணி எல்லாமே பூனைக்கு விஷம், சிறுநீரகம் போயிடும். அரளியும் அப்படித்தான், அது மனுஷங்களுக்கே விஷம், சாமிக்கு போட்டுட்டு கைய கழுவிடுங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

பச்சை ஸ்பாஞ்சுல வச்ச பூ ரெண்டே நாள்ல வாடுது

ஸ்பாஞ்ச தண்ணியில போட்டு கையால அமுக்கியிருப்பாங்க. அமுக்கினா வெளிய மட்டும் நனையும், நடுவுல காஞ்சே இருக்கும், அந்த காஞ்ச இடத்துல குத்தின தண்டுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. வாளித் தண்ணி மேல மிதக்க விட்டுட்டு கை வைக்காம இருங்க, ஒரு நிமிஷத்துல தானே கனம் ஏறி முங்கும், கலர் கரும்பச்சையா மாறும். ஒரு தடவ குத்தி எடுத்த ஓட்டையில திரும்ப தண்டை சொருகாதீங்க. காஞ்ச ஸ்பாஞ்சு திரும்ப தண்ணி இழுக்காது, அதனால கூடைய வாங்கிட்டு போனா தினமும் நடுவுல விரல வச்சு பாத்து அரை டம்ளர் தண்ணி மெதுவா ஊத்துங்க.

கல்யாண மாலையில இதழ் உதிருது

கட்டினதுல கோளாறா, தூக்கினதுல கோளாறான்னு முதல்ல பாக்கணும். சரம் தளர்ந்து பூ முழுசா காம்போட வழுக்கி விழுந்தா கட்டு சரியில்ல. நாங்க வாழைநார நனைச்சு தான் கட்டுவோம், அது மெத்துன்னு காம்ப பிடிச்சுக்கும், நூல ஆத்திரமா இழுத்து முடிஞ்சா காம்ப அறுத்துடும், கட்டும்போது தெரியாது, மேடையில தான் தெரியும். இதழ் இதழா கொட்டினா அது சூட்டுல வந்த கோளாறு. காலையில 7 மணி முகூர்த்தத்துக்கு மாலைய ராத்திரியே வாங்கி கார் டிக்கியில விட்டுட்டு போனவங்க இருக்காங்க, மூடின கார் அடுப்பு மாதிரி. ஏர்கான் ரூம்ல, அட்டைப் பெட்டி மூடிய லேசா திறந்து, ஒரு மாலை மேல இன்னொண்ண அடுக்காம வைங்க. ரோஜா மாலைக்கு பனி மாதிரி லேசா தண்ணி தெளிக்கலாம், நடுவுல மல்லி கட்டியிருந்தா அந்த இடத்த விட்டுட்டு. தூக்கும்போது தோள்ல உக்காருற ரெண்டு இடத்தையும் ரெண்டு கையால பிடிச்சு தூக்கணும், குஞ்சத்த பிடிச்சு இழுத்தா அவ்வளவு கனமும் ஒரே முடிச்சுல விழும்.

தீபாவளி, பொங்கல், தைப்பூசம் வாரத்துல விலை ஏறும், அத நாங்களும் தடுக்க முடியாது, பூ வர்ற ஊர்லயே ஏலத்துல ஏறிடுது. அந்த நாள்ல மல்லி 3 முழத்துக்கு பதிலா 1 முழம் நல்லதா வாங்குங்க, மிச்சத்துக்கு செவந்தியும் துளசியும் வச்சா சாமி குறை சொல்லாது.

இவ்வளவும் பண்ணியும் சரியாகலன்னா வாங்குன கடைக்கு படம் அனுப்புங்க. பூவ மட்டும் அழகா எடுத்து அனுப்பினா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தண்டோட வெட்டின அடி ஒரு படம், ஜாடித் தண்ணி வெளிச்சத்துல ஒரு படம், ஜாடி எந்த இடத்துல இருக்குன்னு சுத்தி இருக்குறதோட ஒரு படம். அந்த மூணாவது படத்துல தான் நான் எத்தனையோ தடவ வாழைப்பழத்த கண்டுபிடிச்சிருக்கேன்.